அம்மாவை அடக்கம் செய்த அன்று அண்ணன் ஏன் நிற்கவில்லை

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அண்ணியும் மகளும் என்னை எழுதச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒரு விஷயத்தை நான்தான் எழுத வேண்டும். அம்மாவைப் புதைத்த அன்று மாலையே, மறுநாள் பால் ஊற்றக்கூட நிற்காமல், மூத்த மகனான அண்ணன் கிளம்பிப் போய்விட்டார். "வேதத்துக்குப் போனவன், பெத்தவளை விட்டுட்டு ஓடிட்டான்" என்று நம்மில் பலர் பேசினார்கள். அண்ணன் கடைசி வரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

அண்ணன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பிராவில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், மீசை அரும்பும் முன்பே கண்டி டவுனில் ஒரு சீமெந்துக் கடையில் மூட்டை தூக்கப் போனார். தங்கச்சியின் கல்யாணம், என் சைக்கிள், அம்மாவின் கண்ணாடி, எல்லாம் அந்த முதுகில் இருந்து வந்தவை. மூட்டை இறக்கிய வலிக்கு என்று மாலையில் கொஞ்சம் குடிக்கத் தொடங்கினார். பிறகு காலையிலும் குடித்தார். வேலை போனது. அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். ஒரு மழை நாளில் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை, தாண்டிப் போனவர்களை விலக்கி, நான்தான் தூக்கினேன். அன்று அவர் என்னை யாரென்று கேட்டார்.

திகனவுக்குப் போகும் வழியில், குடியை விட நினைப்பவர்கள் சேர்ந்து வாழும் ஒரு கிறிஸ்தவ வீடு இருந்தது. அதை நடத்திய பாஸ்டர் ஐயா காசும் கேட்கவில்லை, மதமும் கேட்கவில்லை. "விடணும்னு ஆசை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "பயம்தான் இருக்கு" என்றார் அண்ணன். "அது போதும், உள்ள வாங்க" என்றார் ஐயா.

அந்த வீட்டில் விடியும் முன் எழுந்து, ஜெபம் முடித்து, கடைகளுக்கு இடியப்பம் அவிப்பார்கள். புதிதாக வருகிறவர்களின் கைதான் அதிகம் நடுங்கும். அவர்களிடம்தான் இடியப்ப உரலைக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் நடுக்கம் தெரியாதாம். எல்லோரும் ஒருவரை ஒருவர் "பிரதர்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதன்முதல் பார்க்கப் போனபோது எனக்கு அது பிடிக்கவில்லை. கூடப் பிறந்தவன் நான் ஒரு மூலையில் கதிரையில் உட்கார்ந்திருக்க, யார் யாரோ அவரைப் பிரதர் என்றார்கள். ஆனால் அவர் ராத்திரியில் வியர்த்துக் கத்தியபோது சட்டை மாற்றிவிட்டது அவர்கள்தான். சில மாதத்தில் அண்ணனின் முகம் திரும்பி வந்தது. ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அம்மா அதற்கு அழுதார். பிறகு, "எந்த சாமியா இருந்தா என்ன, எம்புள்ள சோறு திங்கிறான்" என்றார்.

அந்த நிலைமையில்தான் அம்மா இறந்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதியவர் யாரும் தனியே வெளியே போகக் கூடாது. அண்ணனோடு சுனில் பிரதர் வந்தார். அவர் முன்பு பஸ் கொண்டக்டராக இருந்த சிங்களவர். பஸ்ஸில் கத்திக் கத்திப் படித்த தமிழ் பேசுவார். அண்ணன் ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதால் கொள்ளிக் குடத்தை நான் தூக்கினேன். அண்ணன் பாடை சுமந்தார், முதல் பிடி மண் போட்டார். அதுவரை யாருக்கும் குறை இல்லை.

எங்கள் லயத்தில் குழி வெட்டியவர்களுக்கும் தப்பு அடித்தவர்களுக்கும் மூத்த மகன் தன் கையால் சாராயம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் தண்ணீர் கொட்டும் பீலியில் கை கால் கழுவிவிட்டு நின்றபோது, சித்தப்பா போத்தலைக் கொண்டுவந்து அண்ணனின் கையில் வைத்தார்.

"வேணாம் சித்தப்பா. தம்பி குடுக்கட்டும்."

"ஏன்டா, ஒன்னையா குடிக்கச் சொன்னேன்? ஊத்திக் குடுடா. ஒங்கம்மாவுக்குச் செய்யிற கடைசி மரியாத."

சுனில் பிரதர் முன்னால் வந்தார். "ஐயா, இவருக்கு அது தொட ஏலாது."

"வெளியாளு தள்ளி நில்லுங்க," என்றார் சித்தப்பா. தப்பு அடித்தவர்களில் ஒருவர், "பாஸ்டரு ஊத்துனா தீர்த்தமா மாறிடுமோ?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் அலுத்துப் போனவர்களின் சிரிப்பு அது. கெட்ட மனசோடு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் மூடியைத் திறந்தார். வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து கிளாசை நீட்டினார்கள். போத்தல் கிளாசில் பட்டுக் கடகடவென்று அடித்தது. கடைசி ஆளுக்கு ஊற்றும்போது சாராயம் அண்ணனின் விரல்களில் வழிந்தது. அண்ணன் போத்தலைக் கீழே வைத்தார். அந்தக் கையை மட்டும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் அதையே பார்த்தபடி நின்றார். நான் அவருக்கு நேர் எதிரே இருந்தேன். அவருடைய உதடு அசைந்தது. ஜெபம் செய்கிறாரா, நக்கிவிடப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பீலிக்கு நடந்தார். கழுவினார். மணலை அள்ளித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார்.

"தம்பி, இப்ப கீழ போக வண்டி இருக்கா?"

"நாளைக்குப் பால் ஊத்தணும்ணே."

"நாளைக்கு வரைக்கும் நான் நிக்க மாட்டேன்டா. இன்னும் கொஞ்ச நேரம்கூட நிக்க மாட்டேன். யாருக்கிட்டயும் சொல்லாத. அம்மா சாவு வீட்டுல குடிக்குப் பயந்து ஓடுனான்னு பேரு வேணாம்."

ஈர உடுப்போடு ஆட்டோவில் ஏறினார். "ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் உக்காருங்க" என்றார். டவுனில், ஒரு பாருக்கு நேரே, வாகன நெரிசலில் ஆட்டோ நின்றுவிட்டது. அண்ணனின் முழங்கால் என் முழங்காலில் அடிக்கத் தொடங்கியது. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். சுனில் பிரதர் திடீரென்று வெளியே தலையை நீட்டி, பழைய கொண்டக்டர் வேலையில் கத்தியதுபோலவே கத்தினார்: "தென்னகும்புர, குண்டசாலை, திகன! உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!" ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அன்று அம்மாவுக்காக அவர் அழுதது அப்போதுதான். அதற்குள் வாகனங்கள் நகர்ந்தன.

திகன வழி வீட்டு வாசலில் பிரதர்கள் எல்லோரும் நின்றார்கள். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒருவர் வெந்நீர் வைத்தார், ஒருவர் தலை துவட்டத் துவாய் கொடுத்தார். பிறகு பாயில் அண்ணனைச் சுற்றி உட்கார்ந்து, "அம்மா எப்படிப்பட்டவங்க, சொல்லுங்க பிரதர்" என்றார்கள். அம்மாவை ஒருதரம்கூடப் பார்க்காதவர்கள் அம்மாவுக்காக அழுதார்கள். என்னையும் ஒருவர் பிரதர் என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அண்ணன் குடிக்கவில்லை. அண்ணியும் மகளும் திரும்பி வந்தார்கள். புதிதாக வருகிறவர்களோடு வெளியே துணையாகப் போகும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் நம் வீட்டுக் கல்யாணங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டதும் எழுந்துவிடுவார். ஓடிப்போனவன் என்ற பேச்சு அவருடைய காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

முன்பு குடித்தது ஈரலைக் கெடுத்திருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் மெலிந்து கிடந்தபோது என் கையைத் தட்டினார்.

"அன்னைக்கு நடந்தத இனிச் சொல்லு தம்பி."

"இப்ப எதுக்குண்ணே?"

"நம்ம சனத்துல எத்தன பேரு விட முடியாம கெடக்கானுக. ஓடலாம்னு தெரிஞ்சா ஓடுவானுகல்ல."

அதனால்தான் எழுதினேன். சித்தப்பா இதை வாசித்து வருத்தப்பட வேண்டாம். நீங்கள் அம்மாவுக்கு மரியாதை செய்தீர்கள். அண்ணனுக்கு உங்கள் மேல் கோபம் இருந்ததில்லை.

கட்டிலருகே முறை வைத்து விழித்திருந்த சுனில் பிரதருக்கும் அந்த வீட்டு எல்லாப் பிரதர்களுக்கும், பாஸ்டர் ஐயாவுக்கும், கைம்மாறு பாராமல் பார்த்த தாதிமாருக்கும், லயத்தில் இருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும், பிரிந்து போயும் திரும்பி வந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அண்ணன் அன்று ஓடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓடினார். நானும் கூடப் போனேன். அதனால்தான் எங்களுக்கு மறுபடியும் ஓர் அண்ணன் இருந்தார். இனி நம் வீட்டு விசேஷத்தில் யாராவது பாதியில் எழுந்து கிளம்பினால், கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். முடிந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போங்கள்.

தம்பி