மூஞ்சி இல்லாத வீரர்கள்

இப்போது நான் குடியிருக்கும் கோபர்கைரனேயில் எங்காவது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் லேபர் கேம்ப் வீடும், பழைய பிளாஸ்டிக் மூட்டைகளிலிருந்து வாப்பா எனக்காகப் பொறுக்கி வரும் வீரர் பொம்மைகள் நிற்கும் மரத்தட்டும் நினைவுக்கு வருகின்றன. முகமுள்ள உருவம் இருந்தால் வீட்டுக்குள் வானவர்கள் வரமாட்டார்கள் என்று, உம்மா அடுப்பில் காய்ச்சிய கத்தியால் ஒவ்வொரு முகத்தையும் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடுவாள். நான் அழுவேன்.

"தூரப் போடவா, மூஞ்சி இல்லாம வச்சுக்கிடுதியா? சண்டை கையாலதானல போடுதான்!"

வைத்துக்கொண்டேன். மழைக்கால மதிய இருட்டில், தகரக் கூரை அதிர அதிர அவர்கள் மெல்ல ஆடுவார்கள். கண் இருந்தவரை யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரிந்தது. கண் போனபின், நான் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.