அம்மையார் வரைந்த வம்சப் படம்

என் பெயருக்குப் பின்னால் விட்மோர் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, நான் ஐந்தாவது படிக்கும்போது அது எனக்குப் பெரிய இம்சை. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள், "ஏலே மோரு, உப்பு போட்டாச்சா?" என்பார்கள். என் தாத்தாவின் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அமெரிக்கப் போதகர் தம் பெயரையே வைத்துவிட்டார் என்றால் எவன் நம்புகிறான்?

அந்தச் சமயம் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அவரும் விட்மோர். முந்நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறி அங்கே குடியேறிய தம் குடும்பத்துக்கு வம்சப் புத்தகம் தயாரிக்கிறாராம். போதகரின் கல்லறையைப் பார்க்க வந்தவர், எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் என் பெயர் வந்தால் பையன்கள் வாயை அடைத்துவிடலாம் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பாய் அளவுக்கு ஒரு தாளை விரித்தார். கிளை கிளையாகப் பெயர்கள். இன்னொரு தாளில் எங்களையும் பெட்டி பெட்டியாக வரைய ஆரம்பித்தார். எங்கள் மாமாதான் மொழிபெயர்ப்பு. மாமாவைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்குத் தம்பி. எங்கக்காவுக்கு மாப்பிள" என்றேன்.

அவர் இரண்டு பெட்டி போட்டார்.

"ரெண்டும் ஒரே ஆளுதான்."

ஒரு பெட்டியை அழித்தார். கோடு மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது. ரப்பர் தேய்த்ததில் தாள் கிழிந்தது.

"லே, பைய வெளக்கிச் சொல்லு. ஒன்னய எனக்கு மவன்னு எழுதிரப் போறாவ" என்றாள் அம்மா, மாமாவிடம்.

"இப்ப அக்காவாப் பேசுதியா, மாமியாராப் பேசுதியா?" என்றார் மாமா.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ரத்த சொந்தம் ஒண்ணும் கெடையாதும்மா. பேரு மட்டுந்தான் ஒங்களுது" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். மாமா அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மையார் கிழிந்த தாளை மடித்து வைத்தார். என் முழுப்பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு பெரிய தாளை இழுத்து, அதன் அடியில், தம் பெயருக்குக் கீழே, என் பெயரை எழுதினார்.

பாவம், நாங்கள் குழப்பின குழப்பத்தில் இடம் தவறி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். மற்ற இடமெல்லாம் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அங்கே மட்டும்தான் காலியாக இருந்தது. அது ஏன் காலியாக இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.