ஆலா தலையில் அடித்தது

போன வருடம் ஆனி மாதம், ஸ்கொட்லாந்தின் வடக்குக் கடற்கரையில் நடந்தது இது. நான் வசிக்கும் சட்டன் நகரில் சேர்ந்திருக்கும் பறவை பார்க்கும் குழுவோடு போயிருந்தேன். கணவர் இறந்து எட்டு மாதம்தான். ஆண்டுத் திவசம் முடியாமல் என்ன பயணம் என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே கரைக் கற்களில் நடந்தபோது, ஆலா என்கிற கடற்பறவை ஒன்று கத்திக்கொண்டு நேரே இறங்கி என் உச்சந்தலையில் கொத்தியது. இரத்தம் வந்துவிட்டது. குஞ்சுகளைக் காக்க அவை அப்படித்தான் பாயும், தலைக்கு மேல் தடியைப் பிடியுங்கள் என்று எல்லோருக்கும் ஒவ்வொரு தடி தந்திருந்தார்கள். படம் எடுக்கிற அவசரத்தில் நான் என்னுடையதைக் கீழே வைத்துவிட்டேன். குழுவினர் மருந்து பூசிவிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆட்கள் காகம் தலையில் அடித்தாலே சனி பிடித்துவிட்டது என்று முழுகிவிட்டுக் கோயிலில் எள்ளெண்ணெய் எரிப்பவர்கள்.

பயத்தில் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அதுதான் பெரிய பிழை.

"நான் அப்பவே சொன்னன். வருசம் திரும்ப முதல் ஊர் சுத்தினா இப்பிடித்தான். இது அவர்தான் உனக்குச் சொல்லுறார். நாளைக்கே வீட்டை வா!"

இறந்த கணவரே சொல்கிறார் என்றதும் நம்பிவிட்டேன். அறைக்கு வந்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். மறுநாள் படகில் போய் சிவப்புச் சொண்டுப் பஃபின் பறவைகளைப் பார்ப்பதாக இருந்தது. எத்தனை வருட ஆசை! அடுக்க அடுக்க எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பைனாகுலரை வாங்கித் தந்ததே அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு கட்டித் தந்து குளக்கரைக்கு அனுப்பிய மனுசன், பறவையை ஏவிவிட்டு என்னைக் கொத்த வைப்பாரா?

திரும்பவும் போன் எடுத்தேன்.

"நான் வரேல்லை அக்கா. அது தன்ரை குஞ்சுக்குக் கிட்டப் போனவளைக் கொத்தினது. என்ரை கழுத்திலை தாலி இருக்கோ எண்டு பாத்துக் கொத்தேல்லை."

அக்கா போனை வைத்துவிட்டார். மறுநாள் படகில் முதல் ஆளாய் ஏறினேன். பஃபின்களைக் கண் நிறையப் பார்த்தேன். அழுதேன்தான், ஆனால் பயத்தில் இல்லை.

அக்கா அதற்குப் பிறகு கன நாள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. என் மனுசன் என்ன சொல்வார், என்ன சொல்லமாட்டார் என்பதை இனி நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போவதில்லை.