விற்பனைக்கு வைத்த அறை

அந்த மரச்சாமான் கடையில் அவரைத் 'தத்துவம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் பொய்யில்லை. கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். படிக்க ஆள் வராமல் போனதும் துறையையே இழுத்து மூடிவிட்டார்கள். வயிறு கேட்கிற கேள்விக்குத் தத்துவத்தில் பதில் இல்லையே. மூன்றாவது மாடியில் மாதிரி அறைகளை அலங்கரிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே எல்லாமே பாவனை. அலமாரிப் புத்தகங்கள் வெறும் அட்டை. டிவி ஒரு கறுப்புப் பலகை. தட்டில் இருப்பது மெழுகுப் பழம். அதிலும் யாரோ ஒரு பிள்ளை கடித்துப் பார்த்த பல் தடம். ஆனாலும், மாடி ஏறும்போது சண்டை போட்டுக்கொண்டே வருகிற புருஷன் பெண்டாட்டி அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதை அவர் கவனித்திருந்தார்.

"இவங்க மேசையை வாங்க வரலைப்பா," என்பார் சுமை தூக்குபவரிடம். "அதுல உட்கார்ந்து சிரிக்கிற தங்களையே வாங்க வர்றாங்க."

"அது ஸ்டாக்ல இல்லைன்னு சொல்லிடுங்க சார். இருந்தா அதையும் நான்தான் மூணு மாடி தூக்கி இறக்கணும்."

போர்வையின் ஒரு மூலையை மடித்துவிடுவார். செருப்பைக் கொஞ்சம் கோணலாக விடுவார். நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்து வைப்பார். ஆள் இப்போதுதான் எழுந்து வெளியே போன மாதிரி இருக்கும். அப்படி வைத்த அறைகள்தான் சீக்கிரம் விற்றன. ஏன் என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தார்.

மகள் காய்ச்சலில் போன பிறகு அந்தக் குடைச்சலும் நின்றுவிட்டது. ஏழு வயது. மனைவி சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றி, துணியில் மூட்டை கட்டி, அலமாரி மேல் போட்டாள். "என் கண்ணுல படக் கூடாதுங்க," என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

அவர் ஒன்றே ஒன்றை உருவிக்கொண்டார். முன்பல் விழுந்த வாயோடு சிரிக்கிற படம். கடையின் குழந்தைகள் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த படச்சட்டத்திலிருந்து விளம்பரக் குழந்தையை எடுத்துவிட்டு இவளை வைத்தார். மாதிரிப் படம் யாருடையது என்று யார் கேட்கப்போகிறார்கள்? காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் துடைப்பார். செவ்வாய் அவருக்கு விடுமுறை. புதன்கிழமை வந்து பார்த்தால் கண்ணாடியில் தூசே இருக்காது. பெருக்குகிற அம்மா நல்லவள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு திங்கள்கிழமை, நிறைமாதப் பெண் ஒருத்தி புருஷனோடு வந்தாள். அந்த அறைக்குள் நுழைந்தவள் நகரவே இல்லை. கட்டில், மேசை, விளக்கு எல்லாம் அப்படியே வேண்டும் என்றாள். காட்சிக்கு வைத்ததையே தள்ளுபடியில் கொடுக்க மேனேஜர் தலையாட்டினார். தத்துவம் ஓடிப்போய்ச் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றப் பார்த்தார்.

"படம் இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "இந்தப் பாப்பா சிரிப்பைப் பார்த்துத்தானே எனக்கு ரூமே பிடிச்சுது. என் பிள்ளை படம் வர்ற வரைக்கும் இவ இருக்கட்டுமே."

"இல்லம்மா, இது வந்து..."

"சாம்பிள் படம்தானே தத்துவம்!" என்றார் மேனேஜர். "அதுக்குப் போய் இந்த இழு இழுக்கறீங்க?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. செத்துப்போன பிள்ளையின் படம் என்று கேட்டால் அந்தக் கை என்ன ஆகும்? பலகையை இறுக்கி, காகிதம் சுற்றி, அவளிடமே கொடுத்தார்.

"பத்திரம்மா," என்றார். "கண்ணாடி."

சாமான்கள் போய் வெறும் தரையாகக் கிடந்த அறையைப் பார்த்து, பில் போடும் பெண் உச்சுக்கொட்டினாள். "ஐயோ, நாளைக்கு அந்த அக்கா வந்தா என்ன சொல்றது?"

"எந்த அக்கா?"

"உங்களுக்குத் தெரியாது சார், உங்க லீவு நாள்லதான் வருவாங்க. கட்டில் ஓரமா உட்கார்ந்து அந்தப் படத்தைத் துடைப்பாங்க. ஒண்ணும் வாங்க மாட்டாங்க. விரட்டத்தான் மனசு வரலை. ஏதோ மருந்துக் கடையில வேலை போல. வெள்ளைக் கோட்டுல ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு."

வேறு பொத்தான் கிடைக்காமல் அந்தச் சிவப்பைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தபோது மூட்டை கூடத்தின் நடுவில் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடிச்சை அவிழ்த்திருக்கவில்லை.

"இதை எதுக்கு இறக்கினீங்க?"

"நாளைக்குக் கடைக்குப் போகாதே."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வித்துப் போச்சா?"

"ம்."

"அவளுமா?"

"மாசமா இருக்கிற பொண்ணு. சிரிப்பு பிடிச்சுப் போச்சாம். எனக்குச் சொல்ல வாய் வரலை."

"எவ்வளவுக்கு?"

"சட்டத்துக்குத்தான் விலை. படத்துக்கு பில் போடலை."

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். மூட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல நிறைய இருக்கு. அவிழ்க்கட்டுமா?"

"வேணாம். இதுல ஒண்ணு குறையறது எனக்குத் தெரியாதா? அதைத் தேடித்தான் முதல்ல அங்க போனேன்." சிவப்புப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஆனா படத்துக்காக மட்டும் போகலைங்க. இங்க அவ செத்துப்போயிட்டா. அங்க நீங்க போர்வையை மடிச்சு, குட்டிச் செருப்பைக் கோணலா விட்டு..."

பொத்தான் கையோடு வந்துவிட்டது.

"இப்பத்தான் எழுந்து வெளிய போன மாதிரி வெச்சிருந்தீங்களே."