ஓடிப்போன தாய்மாமன்

கத்திரிக்காய் மூட்டைகள் எல்லாம் ஏலம் போனதும் மலையாண்டி காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இடுப்பில் செருகிய நாவலை எடுப்பார். மதுரையை ஒட்டிய பரவைச் சந்தையில் அந்த நேரம் பார்த்து அவரிடம் விலை கேட்பவன் விவரம் தெரியாதவன். பக்கத்துக் கடை ஆண்டிச்சாமிதான் பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

மலையாண்டிக்கு வயது நாற்பத்தாறு. கதையில் பிள்ளை வீட்டை விட்டு ஓடுகிற இடம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார். டீ குடித்துவிட்டு வந்துதான் மறுபடி திறப்பார். எழுதுகிறவர்கள் மேல் அவருக்குத் தீராத குறை ஒன்று உண்டு. “ஓடுறவன் கூடவே இவுகளும் பஸ் ஏறிப் போயிர்றாகண்ணே. வீட்ல கெடக்குறவுக என்ன ஆனாகன்னு எவராச்சும் திரும்பிப் பாத்தாகளா?” என்பார். ஆண்டிச்சாமி படிப்பது சினிமா போஸ்டர் மட்டும். ஆனாலும் தலையாட்டி வைப்பார்.

இப்படிக் கேட்க அவருக்குப் பாத்தியதை உண்டு. இருபத்திரண்டு வயதில், படித்த நாவல்கள் எல்லாம் ஒரே குரலில் கிளம்பச் சொல்ல, அவரும் கிளம்பினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள்தான் அநியாயம். அக்கா முத்துத்தாயின் மகள் சுபலட்சுமிக்கு மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சடங்கெல்லாம் கைவிலங்கு என்று கூட்டாளிகளிடம் முழங்கிவிட்டு மாமன் பம்பாய் ரயிலில் ஏறிவிட்டான்.

அந்த ஒரு வருஷத்தைச் சொல்லும்போது மனிதர் முகம் இப்போதும் இளகிவிடும். பம்பாய்க்கு முன்னாலேயே பூனாவில் இறங்கிக்கொண்டார். அங்கே லாட்ஜ் வேலை, மாடிப்படிக்குக் கீழே படுக்கை, தலைமாட்டில் புத்தகம். மழை பெய்தால் நனைந்துகொண்டே நடக்கலாம், உள்ளே வா என்று அதட்ட ஆளில்லை. “யாரு மகன்னு ஒருத்தன் கேக்கலண்ணே. அம்புட்டுச் சொகம்” என்பார்.

திரும்பி வந்தபோது மருமகள் வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள், காது குத்தாமலே. சொந்தபந்தம் எவ்வளவோ சொல்லியும் அக்கா வேறு மடிக்குச் சம்மதிக்கவில்லையாம். ஆக்கிய சோற்றை வந்தவர்களுக்குப் போட்டு அனுப்பிவிட்டாள். “வந்துட்டீல்ல, குளிச்சிட்டு வந்து உக்காரு” என்றாள், அவ்வளவுதான். அன்று உட்கார்ந்தவர் அப்புறம் ஊரை விட்டு நகரவில்லை.

சுபலட்சுமிக்கும் வாசிப்பு மாமனிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். இந்த வைகாசியில் மாப்பிள்ளை பார்த்து, வெள்ளிக்கிழமை பூ வைத்து நிச்சயம் செய்வதாகப் பேசி முடித்தார்கள். அவளோ சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலை வாங்கி வைத்திருந்தாள். உன் பேச்சைத்தான் மகள் கேட்பாள், சொல்லித் திருத்து என்று அக்கா போன் போட்டாள். அதே வாரம் மருமகள் சந்தைக்கே வந்து நின்றாள். “கல்யாணமே வேணாம்னு சொல்லல மாமா. ரெண்டு வருசம் எனக்குன்னு வேணும். அம்மாகிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்.”

போ என்றால் அக்காவுக்கு நாலு பேர் முன்னால் இரண்டாம் முறையும் தலைக்குனிவு. போகாதே என்று சொல்ல, பூனா மழையில் ஆசைதீர நனைந்தவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த வாரம் அவர் நாவலையே விரிக்கவில்லை. ஆண்டிச்சாமிக்கே அது பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மருமகளையும் அவள் பையையும் வண்டியில் ஏற்றி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்து உட்கார வைத்தார். அம்மாவைப் பற்றி அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அத நான் பாத்துக்கிறேன்த்தா” என்று இறங்கிவிட்டார்.

பஸ் கிளம்பியதும் வண்டியைச் சந்தைக்கு விடவில்லை. நேரே சமயநல்லூர், அக்கா வீடு. முத்துத்தாய் அடுப்படியில் இருந்தாள்.

“ஏத்தி விட்டுட்டேன்க்கா. மாப்ள வீட்டுக்கும் நானே போயிச் சொல்லிட்டு வாரேன்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். மலையாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் போய் உட்கார்ந்தார்.