பழத்துக்கு யார் பிரேக் போட்டது?

இந்த நேரத்தில் உங்கள் போன் சத்தம் போட்டு எழுப்பியிருந்தால் மன்னித்துவிடுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். பத்மாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாம் எல்லோரும் இந்தக் குழுவில் இருக்கிறோம். அவளைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுதுவீர்கள் என்று பார்த்தேன். கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நானும் அதைத்தான் போட்டேன். சனிக்கிழமை குழந்தையைக் காரில் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். பத்மாவின் குழந்தை சீட் யாரிடம் இருக்கிறது என்று கேட்கத்தான் போனை எடுத்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கேட்க மனம் வரவில்லை.

செய்தி வந்தபோது குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். தொண்டூரிலிருந்து அவள் தம்பி பேசினான். "அக்கா, பத்மாக்கா போயிட்டாங்க." காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரியும். திரும்பி வந்து வழக்கம்போல என்னைத் திட்டுவாள் என்றுதான் இருந்தேன். போனை வைத்த பிறகும் என் கை ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கிண்ணம் காலியானது தெரியாமல் வெறும் ஸ்பூனை நீட்டியிருக்கிறேன். குழந்தைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நானும் அவளும் பி.எஸ்சி. இயற்பியல், ஒரே பெஞ்ச். நிலைமம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இருவரும் ஒரே வரியை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கினோம். நான் அதோடு மறந்தேன். அவள் மறக்கவில்லை. முதல் நாள் பாடத்தில் டேஷ்போர்டு மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாளே, உங்களுக்கும் வைத்திருப்பாள். "புது வண்டிக்கு டயருக்கடியில வெச்சி நசுக்குவாங்க. நான் மேல வெக்கறேன்" என்றாள். ராஜகிரி மலை ஓரம் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பழம் ஓடிப்போய்க் கண்ணாடியில் மோதியது.

"யாருடி அதைத் தள்ளினது?"

"நான் பிரேக் போட்டேன் இல்ல, அதான்..."

"நீ வண்டிக்குப் போட்ட. பழத்துக்கு யாரு போட்டா? அது பாட்டுக்கு வந்த வேகத்துலயே போயிட்டு இருக்குது. நீயும் நானும் அந்தப் பழந்தான். அதுக்குத்தான் பெல்ட்டு."

பொறுமை கிடையாது அவளுக்கு. வெயில் சாய்ந்தால் பாடம் முடிந்தது. பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டாக வேண்டிய சமணக் குடும்பம். "சூரியன் எறங்குது, எனக்குப் பசிக்குது. ரிவர்ஸ் நாளைக்கு" என்று பாதி வளைவில் என்னை நிறுத்தியிருக்கிறாள்.

குழந்தை பிறந்த பிறகு வீட்டில் ஆரம்பித்தது சண்டை. குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவதற்கு இவ்வளவு பேச்சா என்றார் மாமியார். "பெத்தவ கைய விடவா பெல்ட்டு பெருசு? இறுக்கிப் புடிச்சிக்கினா ஆச்சு." பத்மா வாதாடவில்லை. குழந்தை எடைக்கு ஒரு மூட்டை அரிசி கேட்டாள். என் கணவரை பெல்ட் போட்டு முன்னால் உட்காரவைத்து, மூட்டையை மடியில் கொடுத்து, "குழந்தைன்னு நெனச்சிக் கட்டிக்கோங்கண்ணா" என்றாள். ஆளில்லாத மைதானத்தில் மெதுவாகத்தான் ஓட்டினாள். பேச்சு கொடுத்துக்கொண்டே பிரேக்கை மிதித்தாள். மூட்டை அவர் கையை விட்டுப் போய் முன்னால் இடித்து வாய் பிரிந்தது. கார் முழுக்க அரிசி.

"சொல்லாம போட்டுட்டீங்களே மேடம்!"

"எதிர்ல வர்றவன் சொல்லிட்டா வருவான்? இது வெறும் பிரேக்குதாண்ணா. மோதினா என்ன ஆவும்?"

மாமியார் அசரவில்லை. "அரிசிக்கு உசிரா இருக்குது? என் பேத்தி என்னைக் கெட்டியா புடிச்சிக்குவா." பத்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே அந்தச் சீட்டைக் கொண்டுவந்து எங்கள் காரில் கட்டிக் காட்டினாள். தன் அக்கா குழந்தைக்கு வாங்கியது. பிறகு நம் எல்லோர் குழந்தைகளும் மாற்றி மாற்றி உட்கார்ந்த சீட். யார் ஊருக்குப் போகிறார்களோ அவர்களுக்கு, போன முறை வாங்கியவரிடமிருந்து வாங்கித் தருவாள். யாரிடம் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது வீட்டில் மறுபடி அதே பேச்சு. "ஒரு நாள் தானே, மடியில வெச்சிக்கலாம்" என்கிறார் கணவரும். அரிசி பொறுக்கியவர் அவர்தான்! புது சீட்டுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது, அடுத்த வாரம்தான் வருமாம். குழந்தைக்குக் கண் டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட முடியாது. எனக்காகச் சண்டை போட அவளும் இல்லை. கண்ணை மூடினால் வண்டி நிற்கிறது, குழந்தை நிற்கவில்லை. எழுந்து எழுந்து தொட்டிலைப் பார்க்கிறேன்.

பனமலைக்கு ஒருமுறை எல்லோரும் கிளம்பியபோது, பின்சீட்டில் ஒருத்தி பெல்ட் போடமாட்டேன் என்றாள். பத்மா சாவியைத் திருப்பவே இல்லை. வெயிலில் வேர்த்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டினோம், கெஞ்சினோம். கடைசியில் அந்த பெல்ட் மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான். சனிக்கிழமை ஓட்டப்போவது நான். சீட் இல்லையென்றால் சாவியைத் திருப்ப மாட்டேன். யார் என்ன பேசினாலும் சரி.

ஆனால் டாக்டரிடம் போயாக வேண்டும். அந்தச் சீட் உங்களில் யார் வீட்டில் இருக்கிறது? நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.