குடம்புளியும் தேய்த்த டேப்பும்

நாள் முழுக்கத் தையல் ஊசியோடு பிழைக்கிறவன் நான். ஆனால் என் உடம்பில் ஊசி ஏறப்போகிறது என்றால் கைகால் தந்தியடிக்கும். டாக்டர் என் இடுப்பை அளந்து, "நாப்பத்திரண்டு இஞ்ச். மூணு மாசத்துல நாப்பதுக்கு வரணும், சர்க்கரையும் குறையணும். இல்லன்னா இன்சுலின் ஊசிதான்" என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை. நன்றாகவே இறங்கியது.

தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதைவிட விழுங்குவது சுலபம் என்று, தொப்பையைக் கரைக்குமாம் என்று குடம்புளிப் பொடி அடைத்த கேப்ஸ்யூல் வாங்கினேன். பெயரிலேயே குடம் இருக்கிறது, டப்பாவின் மேல் படத்திலும் தொப்பை தள்ளிய பழம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் சுருண்டு கிடந்த என் அளவு டேப்பை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நீட்டினேன். இரண்டு மாதம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இடுப்பை அளந்தால், சரியாக நாற்பது! பேன்ட்டும் தளர்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, என்னிடம் புதுப் பேன்ட் தைத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "மாஸ்டர், மூச்சு விட முடியல!"

"தொப்பை போட்டிருக்கு சார். குடம்புளி சாப்பிடுங்க" என்றேன். ஒட்டடைக்குச்சி போலிருக்கும் கணக்கு வாத்தியாரைக்கூட விடவில்லை.

கடையில் அளவெடுப்பது நான், துணி வெட்டுவது என் மனைவி. அவள் இரும்பு ஸ்கேலை வைத்துத்தான் கோடு போடுவாள். வாத்தியார் போனதும் என் கழுத்திலிருந்த டேப்பை உருவி ஸ்கேலோடு சேர்த்து வைத்தாள்.

"ஸ்கேல்ல இருபத்திநாலு. உங்க டேப்ல இருபத்திமூணு. சூட்டுல இழுபட்டுப் போச்சு."

அப்படியென்றால் என் நாற்பதும் பொய். ஆனாலும் விடுவேனா? "அப்போ என் பேன்ட் மட்டும் எப்படித் தளர்ந்துச்சாம்?"

அவள் டேப்பைச் சுருட்டி வைத்தாள். "பின்பக்கத் தையலைப் பிரிச்சு நான்தான் ரெண்டு தடவை விட்டேன். பட்டன் போட நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாக்க முடியல. ரொம்பப் பயந்துபோயிருந்தீங்க."

அடுத்தவர் பேன்ட்டில் ஒரு நூல் நிறம் மாறினாலும் கண்டுபிடிக்கிற ஆள் நான். என் பின்னாலேயே புதுத் தையலைச் சுமந்துகொண்டு இரண்டு மாதம் திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள்மேல் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

"டாக்டர்கிட்ட போக இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றாள். "எந்திரிங்க, நடக்கலாம். இனிமே பிரிச்சு விட உள்ளே துணி இல்ல."

மறுபேச்சு பேசாமல் செருப்பைத் தேடினேன்.